நெஞ்சு ஏன் படபடக்குது மிஸ்ஸி? இதயத் துடிப்பும் நரம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தாதியாக வேலை பார்த்தது 31 வருடம். அதில் பெரும்பகுதி இலங்கையின் தேயிலை மலைநாட்டில், ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் கிளினிக்குகளில்தான். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. பஸ் நிற்கும் இடத்தில், கோயில் வாசலில், சாவு வீட்டில்கூட யாராவது கையை நீட்டி "மிஸ்ஸி, நாடியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். பார்த்து முடித்ததும் கேள்வி வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு பதில்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சை அழுத்தும் நோவு, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை இப்போதே இருந்தால் இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

1. மூளை சொல்லித்தானே நெஞ்சு துடிக்குது? மூளை செத்துட்டா நெஞ்சும் நின்னுடணுமே?

இல்லை, இதயம் தானாகத் துடிக்கும். கோழி அறுத்துச் சுத்தம் செய்யும்போது கையில் கிடக்கும் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலை வேறெங்கோ கிடக்கும். வயிற்றுப் பிள்ளைக்கும் கருத்தரித்து மூன்று வாரம் கழிந்ததும் இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் அதற்கு நரம்பே போய்ச் சேர்ந்திருக்காது. மூளைச்சாவு அடைந்தவருக்கு மெஷின் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை இதயம் தொடர்ந்து துடிப்பதும் இதனால்தான்.

துடிப்பைத் தொடங்கி வைப்பது இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் ஒரு சின்னக் கணு. எஸ்.ஏ. கணு என்பார்கள். 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரண்டு பிரித்தானியர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கணுவின் உயிரணுக்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. லயத்துப் பீலியில், அதாவது தோட்ட வீட்டு வரிசையின் தண்ணீர்க் குழாயடியில், குடம் வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். குடம் நிறைந்ததும் ஒரு துடிப்பு. உடனே குடம் காலியாகி மறுபடி நிறையத் தொடங்கும். பிறந்ததிலிருந்து சாகும் வரை நடப்பது இதுதான்.

2. அப்ப நரம்புக்கு என்ன வேலை?

பீலியில் வரும் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும். தண்ணீர் மெல்ல வந்தால் குடம் நிறைய நேரமாகும், நாடி குறையும். வேகமாக வந்தால் நாடி கூடும். இதற்கு இரண்டு வகை நரம்புகள் இருக்கின்றன. குறைப்பது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில், பள்ளிப் புத்தகம் நீள்வளைய மையவிழையம் என்று சொல்லும் இடத்தில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று எல்லா இடத்துக்கும் போகும். லத்தீனில் வேகஸ் என்றாலே அலைந்து திரிவது என்றுதான் பொருள். கூட்டுவது பரிவு நரம்புகள். அவை முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியின் மேல்பக்கத்திலிருந்து வருகின்றன.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டையும் மருந்து கொடுத்து மறித்துவிட்டால், இளம் வயதுக்காரரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். அதுதான் அதன் சொந்த வேகம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் நாடி 70 என்றால், வேகஸ் பிரேக்கில் காலை வைத்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் பஸ் மாதிரி. அதை ஓடவைக்க யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டியதில்லை. காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

நரம்பு இதை எப்படிச் சொல்கிறது என்பது பெரிய வழக்காக இருந்தது. வேகஸைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்று 1845-லேயே வெபர் சகோதரர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் எப்படி என்று தெரியவில்லை. ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு ஒரு ராத்திரி கனவில் பரிசோதனை ஒன்று தோன்றியது. எழுந்து கிறுக்கி வைத்தார். விடிந்து பார்த்தால் தன் கையெழுத்தே புரியவில்லை. மறுநாள் ராத்திரி அதே கனவு வந்தபோது படுக்காமல் நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி மெதுவாக்கினார். அது கிடந்த உப்புநீரை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். இரண்டாவது இதயத்துக்கு நரம்பே இல்லை, ஆனாலும் மெதுவாகிவிட்டது. அப்படியானால் நரம்பு நுனியிலிருந்து ஏதோ ஒரு சரக்கு வெளியே வருகிறது. 1921-இல் இதை வெளியிட்டார். அந்தச் சரக்கு அசிட்டைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். பரிவு நரம்பு விடும் சரக்கு நோர்அட்ரினலின்.

3. 72 தான் சரியான துடிப்புன்னு சொல்றாங்க. எனக்கு 64. வருத்தமா?

வருத்தம், அதாவது நோய், எதுவுமில்லை. 72 என்பது சராசரி மட்டும்தான். ஓய்வில் 60 முதல் 100 வரை சாதாரணம். தூக்கத்தில் 50க்குக் கீழேயும் போகும். தினமும் ஓடுகிற விளையாட்டுப் பிள்ளைகளுக்கு விழித்திருக்கும்போதே 45, 50 இருக்கும். பச்சைப் பிள்ளைக்கு 120, 140 என்று இருந்தால் பதற வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் ஒரு பாகை பாரன்ஹைட்டுக்கு ஏறத்தாழ 10 துடிப்பு கூடும். இரத்தம் குறைந்தாலும் நாடி கூடும். சுமந்து போகிற ஆள் குறைந்தால் இருப்பவர் இரண்டு நடை நடக்க வேண்டும் அல்லவா? எங்கள் கிளினிக்குக்கு "சும்மா இருந்தாலே படபடக்குது" என்று வந்த கொழுந்துக்காரப் பெண்கள் எத்தனையோ பேருக்கு நரம்பிலும் கோளாறில்லை, இதயத்திலும் கோளாறில்லை. ஹீமோகுளோபின் 8-இல் கிடந்தது. ஓய்விலேயே 100க்கு மேல் நிற்கிறது என்றால் முதலில் இரத்தம், தைராய்டு இரண்டையும் பாருங்கள்.

4. நாடியை வீட்டிலேயே எப்படிப் பாக்கிறது?

ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மற்றக் கையின் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. கழுத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது. ஏன் என்று 8ஆம் கேள்வியில் வருகிறது.

5. கூடையைத் தூக்கிட்டு மேட்டுல முதல் அடி வைக்கும்போதே நெஞ்சு வேகமாயிடுது. இன்னும் களைப்பே வரலையே, எப்படி அதுக்கு முன்கூட்டியே தெரியும்?

நல்ல கேள்வி. கேட்டவர் ஒரு கங்காணி அம்மா. களைப்பு வரும் வரை உடம்பு காத்திருப்பதில்லை. காலை எடுத்து வை என்று தசைக்குக் கட்டளை போகும்போதே, மூளை அதன் நகல் ஒன்றை அடித்தண்டுக்கும் அனுப்பிவிடுகிறது. வேகஸ் காலைத் தளர்த்துகிறது. அது ஒரு துடிப்புக்குள் நடந்துவிடும். மூட்டிலும் தசையிலும் உள்ள உணரிகளும் உடனே செய்தி அனுப்பும். பரிவு நரம்புக்கு மட்டும் கொஞ்சம் சோம்பல். அது வேலை தொடங்கச் சில விநாடியாகும், முழுப் பலம் காட்ட அரை நிமிடம்கூட ஆகலாம். ஆக 70-இலிருந்து 100 வரை ஏறுவது பெரும்பாலும் பிரேக் தளர்வதால். அதற்கு மேல் 130, 150 என்று போவதற்குத்தான் ஆக்சிலேட்டர் வேண்டும்.

மேட்டில் ஏறி நின்றதும் எவ்வளவு சீக்கிரம் நாடி இறங்குகிறது என்பதைப் பார்க்கச் சொல்வேன். ஏறும்போது எவ்வளவு கூடியது என்பதைவிட அதில் விஷயம் அதிகம். நின்ற முதல் நிமிடத்தில் 12க்கு மேல் குறைந்தால் வேகஸ் நன்றாகத் திரும்பி வருகிறது என்று கணக்கு. இரண்டு நிமிடம் கழித்தும் அசையாமல் நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. கொழும்புல இருந்து மகள் வந்தா, நுவரெலியாவுல இறங்கினதும் நெஞ்சு அடிக்குதுங்கிறா. மலை உயரந்தான் காரணமா?

கொஞ்சம் காரணம். நுவரெலியா நகரம் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், ஒட்சிசனும் அந்த விகிதத்தில் குறையும். கழுத்து நாடிக்குப் பக்கத்தில் ஒட்சிசனைப் பார்த்துக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு உறுப்பு இருக்கிறது. அது மூளைக்குச் சொல்ல, மூச்சும் நாடியும் சற்றுக் கூடும். ஓய்வில் இருக்கும்போது இந்த உயரத்தில் வித்தியாசம் சில துடிப்புகள்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுவும் தெரியாது.

சிவனொளிபாத மலையில் (2243 மீட்டர்) வழியிலேயே உட்கார்ந்துவிடுபவர்களும் உயரத்தின் மேல்தான் பழி போடுவார்கள். உண்மையில் அவர்களை உட்கார வைப்பது நல்லதண்ணியிலிருந்து ஏறும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளும், அதை நடுராத்திரி வெறும் வயிற்றோடு ஏறுவதும்தான். மகளுக்கும் நான் அதையே சொன்னேன். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் தண்ணீர் குடிக்காமல் வந்தால் கண்டியிலேயே நெஞ்சு அடிக்கும்.

7. கவ்வாத்து மலையில சிறுத்தையைப் பாத்துட்டேன். அது போய்க் கால் மணி நேரமாகியும் நெஞ்சு அடங்கல. ஏன்?

பயம் வந்ததும் மூன்று வேலை நடக்கிறது. வேகஸ் பிரேக்கை விட்டுவிடும், பரிவு நரம்பு மிதிக்கும். இவை இரண்டும் நரம்பு வேலை, சட்டென்று வரும், சட்டென்று போகும். மூன்றாவது மெதுவானது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பிக்கும் பரிவு நரம்பு போகிறது. அது அட்ரினலினை நேரடியாக இரத்தத்தில் விடுகிறது. நரம்பு அமைதியான பிறகும் இரத்தத்தில் கலந்தது சில நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சில நிமிடம் சரி, கால் மணி நேரம் எப்படி? சிறுத்தை போய்விட்டது, உங்கள் மனதை விட்டுப் போகவில்லை. லயத்துக்கு வந்து ஒவ்வொருவருக்காகக் கதை சொல்லும்போதும் புதிதாக ஒரு சுரப்பு.

இதோடு இன்னொரு கேள்வியும் வரும். மகன் போன செய்தி கேட்டு நெஞ்சு வெடித்துச் செத்தாள் என்கிறார்களே, நிஜமா? வெடிப்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. பெரிய துக்கத்தில் இந்தச் சரக்குகள் அளவுக்கு மீறிப் பாய்ந்து இதயத்தின் இடது கீழறையின் நுனி செயலிழந்து பலூன் மாதிரி உப்பிவிடும். முதலில் விவரித்தவர்கள் ஜப்பானியர். அங்கே கணவாய் வகைப் பிராணியைப் பிடிக்கும் பானையின் வடிவம் தெரிந்ததால் தாகோட்சுபோ என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சாவு வீட்டில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் "அழுத களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள்.

8. படுக்கையில இருந்து எழும்பினா தலை சுத்துது. இதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

நேரான சம்பந்தம். எழுந்து நின்றதும் அரை லீட்டருக்கு மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்து நாடியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. குழாய்ச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்று ஒவ்வொரு துடிப்பிலும் மூளைக்குச் சொல்வது இவற்றின் வேலை. அழுத்தம் விழுந்தால் மூளை வேகஸைத் தளர்த்தி, பரிவைக் கூட்டி, இரத்தக் குழாய்களையும் இறுக்கும். நாடி 10, 20 கூடி எல்லாம் சரியாகிவிடும். உங்களுக்கு இது நடப்பதே தெரியாது.

வயதானவர்களுக்கு, தண்ணீர் குறைந்தவர்களுக்கு, மூத்திரம் போகும் குளிசை எடுப்பவர்களுக்கு, நாள்பட்ட சீனி வருத்தக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு பிந்திவிடும். அந்த இடைவெளிதான் தலைச்சுற்று. கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்காருங்கள், கணுக்காலை ஆட்டுங்கள், பிறகு எழும்புங்கள். இருட்டில் வெளியே கக்கூஸுக்குப் படியிறங்க வேண்டிய வீடுகளில் இந்த ஒரு நிமிடம் இடுப்பெலும்பைக் காப்பாற்றும்.

கழுத்து உணரியை வெளியிலிருந்து அழுத்தினால் அது ஏமாந்து, அழுத்தம் கூடிவிட்டது என்று சொல்லிவிடும். மூளை நாடியைக் குறைக்கும். சில வயதான ஆட்களுக்குச் சவரம் செய்யும்போதும், குளிருக்கு மப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு தலையைத் திருப்பும்போதும் மயக்கம் வருவது இதனால். 4ஆம் கேள்வியில் எச்சரித்ததும் இதற்குத்தான்.

9. மகனுக்கு ஊசியைக் காட்டினாலே மயங்கி விழுறான். பயந்தா துடிப்பு கூடும்னு சொன்னீங்களே, இவனுக்கு ஏன் குறையுது?

முதலில் கூடத்தான் செய்கிறது. கவனித்துப் பார்த்தால் விழுவதற்கு முன் அவனுக்குப் படபடப்பும் வியர்வையும் வந்திருக்கும். அதன் பிறகு திடீரென்று எல்லாம் தலைகீழாகிறது. பரிவு நரம்பு கையை எடுத்துவிடும், வேகஸ் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து, நாடி 40க்கும் இறங்கி, மூளைக்கு இரத்தம் போதாமல் விழுகிறான். இரத்தத்தைப் பார்ப்பது, ஊசி, வலி, பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்திலும் தேர்த் திருவிழா நெரிசலிலும் வெகுநேரம் அசையாமல் நிற்பது எல்லாமே இதைக் கிளப்பும்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒரு நிமிடத்தில் கண் திறப்பான். ஆனால் ஓடும்போது, பாரம் தூக்கும்போது, முன் அறிகுறி எதுவுமில்லாமல் விழுந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று இறந்தவர் இருந்தாலோ, அது இந்த மயக்கம் அல்ல. ஈசிஜி எடுக்காமல் விடாதீர்கள்.

10. பிள்ளையோட ஈசிஜியில துடிப்பு ஒழுங்கில்லைன்னு எழுதியிருக்கு. மூச்சு இழுத்தா கூடுது, விட்டா குறையுது. பயமா இருக்கு.

இது நல்ல செய்தி. மூச்சை இழுக்கும்போது வேகஸ் கொஞ்சம் தளரும், விடும்போது அழுத்தும். இளம் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும், வயதாக ஆக மங்கும். உங்கள் நாடியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் விட்டுப் பாருங்கள், உங்களுக்கே பிடிபடும். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். வேகஸை நாமாகப் பிடித்து அழுத்தக் கையில் இருக்கும் எளிய பிடி மூச்சு.

11. தேத்தண்ணி நெஞ்சுக்குக் கூடாதாமே? நாம குடிக்கிறதே அதுதானே. வெத்தலையும் விடணுமா?

தேத்தண்ணியை விடுங்கள் என்று சொன்னால் என்னை லயத்துக்குள் சேர்க்க மாட்டார்கள். தேயிலைச் சாயத்தில் கஃபீன் இருக்கிறது, கோப்பைக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை. உடம்பில் அடினோசின் என்று ஒன்று நரம்பையும் இதயத்தையும் அமைதிப்படுத்தும். கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் தினமும் குடிப்பவரின் உடம்பு பழகிவிடும், நாடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. படபடப்பு வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பார்த்து வித்தியாசம் தெரிந்தால் குறையுங்கள்.

வெற்றிலை வேறு கதை. பாக்கில் இருக்கும் அரிகோலின், 2ஆம் பதிலில் சொன்ன அசிட்டைல்கோலின் மாதிரி நடிக்கும். எச்சில் ஊறும், வியர்க்கும். அந்தக் கணக்குப்படி நாடி குறைய வேண்டும், ஆனால் கூடுகிறது. காரணம், அது அட்ரினலின் பக்கத்தையும் சேர்த்துக் கிளப்புகிறது. கூடவே புகையிலை வைத்தால் அதன் நிக்கொட்டினும் அதையே செய்யும். குளிரில் கொழுந்தெடுக்கப் போகும்போது வெற்றிலை போட்டால் உடம்பு சூடாவது இதனால்தான். ஆனாலும் விடுங்கள். நாடிக்காக இல்லை, வாய்ப்புற்றுநோய்க்காக.

12. பிரஷர் குளிசை தொடங்கினதில இருந்து நாடி 56 தான். நிப்பாட்டிடவா?

நிப்பாட்டாதீர்கள். உங்கள் குளிசை அடினோலோலாக இருக்கும், அல்லது அதன் உறவினர் ஒன்று. நோர்அட்ரினலினும் அட்ரினலினும் வந்து உட்காரும் கதிரைகளில் இது முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் கம்பி இழுபடாது. இந்த வழியைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் பிளாக், 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. குளிசை வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சிதான் அந்த 56. தலைச்சுற்றோ மயக்கமோ இருந்தால், 50க்குக் கீழே போனால், மூச்சிழுப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

திடீரென்று நிறுத்துவது ஏன் ஆபத்து? கதிரைகள் அடைபட்டிருந்த காலத்தில் இதயம் புதிய கதிரைகளைப் போட்டு வைத்திருக்கும். குளிசை போனதும் எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். நாடி, பிரஷர் இரண்டும் எகிறும், ஏற்கனவே அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது குளிசையை மறந்துவிட்டுப் போகிறவர்கள் இதை இரண்டு முறை வாசிக்கவும்.

சீனிக்கும் மருந்து எடுப்பவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சீனி இறங்கும்போது வரும் படபடப்பை இந்தக் குளிசை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே இனிப்பு ஏதாவது சாப்பிடுங்கள்.

13. சீனி வருத்தக்காரங்களுக்கு நோவே இல்லாம அட்டாக் வருமாமே?

வரும். கூடின சீனி பல வருடங்களில் நரம்பை அரிக்கும், நீளமான நரம்புகள் முதலில் பழுதாகும். பாதம் மரத்துப் போவது அப்படித்தான். வேகஸும் நீளமான நரம்பு. அது பழுதானால் பிரேக் தளர்ந்து, ஓய்விலேயே நாடி 90, 100 என்று ஒரே இடத்தில் நிற்கும். 10ஆம் பதிலில் சொன்ன மூச்சோடு கூடிக் குறைவது மறைந்துபோகும், 8-இல் சொன்ன தலைச்சுற்று வந்து சேரும். நோவைச் சுமந்து போகும் நரம்பும் இதே மாதிரிப் பழுதாகலாம். ஆகவே பத்துப் பதினைந்து வருடச் சீனிக்காரர் திடீரென்று காரணமில்லாத மூச்சு வாங்கல், வியர்வை, வாந்தி, இனம் தெரியாத சோர்வு என்றால் "காஸ்" என்று வெந்நீர் குடித்துக்கொண்டு உட்காராமல் ஈசிஜிக்குப் போக வேண்டும்.

14. சும்மா இருக்கையில திடீர்னு 180 அடிக்குது, அப்புறம் சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுடுது. இதுவும் பயமா?

பயத்தில் வருவது ஏறி இறங்கும். சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கிச் சுவிட்ச் போட்ட மாதிரி நின்றால் அது பெரும்பாலும் இதயத்துக்குள் மின்சாரம் ஒரே வட்டத்தில் சுற்றுவது. அந்த வட்டம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள இன்னொரு கணு வழியாகப் போகிறது. அந்தக் கணுவும் வேகஸின் பேச்சைக் கேட்கும். வேகஸைப் பிரேக்கைப் பலமாக மிதிக்க வைத்தால் வட்டம் அறுந்துவிடலாம்.

மலச்சிக்கலில் முக்குகிற மாதிரி முக்குவது பழைய முறை. 2015-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தது. 15 விநாடி பலமாக ஊதி முக்கியதும் உடனே மல்லாக்கப் படுக்க வைத்து வேறொருவர் கால்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பழைய முறையில் 100 பேரில் 17 பேருக்கு நின்றது, இந்த முறையில் 43 பேருக்கு. செலவில்லாத வைத்தியம். ஆனால் இந்த நோய்தான் என்று ஒரு தடவையாவது ஈசிஜியில் உறுதியான பிறகு செய்யுங்கள். நெஞ்சு நோவோ மயக்கமோ சேர்ந்து வந்தால் எதையும் பரீட்சை பார்க்காமல் ஆஸ்பத்திரி.

15. மரக்கறித் தோட்டத்துல மருந்தடிச்சவருக்கு வாயில எச்சில் கொட்டி, நாடி இறங்கிட்டதாம். மருந்து எப்படி நெஞ்சைப் பிடிக்கும்?

ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்து இதைச் செய்யும். அசிட்டைல்கோலின் தன் வேலையை முடித்ததும் அதைத் துண்டாடி அப்புறப்படுத்த ஒரு நொதியம் இருக்கிறது. மருந்து அந்த நொதியத்தின் கையைக் கட்டிவிடுகிறது. சரக்கு குவிந்துகொண்டே போகும். எச்சில், கண்ணீர், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நெஞ்சில் சளி அடைக்கும், வேகஸ் பிரேக்கை மிதித்த காலை எடுக்காத மாதிரி பலருக்கு நாடி இறங்கும். இதன் மாற்று மருந்து அற்றோபின். அசிட்டைல்கோலினின் கதிரையில் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

உடனே செய்ய வேண்டியது: காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோய், உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவி, 1990ஐ அழைத்து, மருந்துப் போத்தலையும் கூடவே அனுப்புவது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுவரெலியாப் பக்கம் ஓடை ஓரத்தில் வெள்ளை மணி மாதிரித் தொங்குகிறதே, அந்த ஊமத்தை வகைப் பூச்செடியிலும் அற்றோபின் சேர்ந்த நஞ்சுகள் உண்டு. அதைக் கேள்விப்பட்டு "அதை அரைச்சுக் குடுத்தா என்ன மிஸ்ஸி" என்று ஒரு மாணவன் கேட்டான். அளவு தெரியாத நஞ்சின் மேல் அளவு தெரியாத இன்னொரு நஞ்சு, அவ்வளவுதான்.

16. குளவி கொட்டினா அட்ரினலின் ஊசி போடுறாங்க. ஏற்கனவே நெஞ்சு படபடன்னு அடிக்குது, அதுக்கு மேல படபடப்பு ஊசியா?

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். குளவியோ மலைத்தேனீயோ கொட்டி ஒவ்வாமை வந்தவருக்கு இரத்தக் குழாய்கள் எல்லாம் தளர்ந்து, நீர் வெளியே கசிந்து, பிரஷர் விழுந்துவிடும். நாடி வேகமாவது 8ஆம் பதிலில் பார்த்த அதே ஏற்பாடு, விழுந்த பிரஷரைத் தூக்கப் பார்க்கிறது. நோய் படபடப்பில் இல்லை, அந்தத் தளர்ச்சியில் இருக்கிறது. அட்ரினலின் குழாய்களை இறுக்கும், மூச்சுக் குழாயைத் திறக்கும். தொடையில் போடும் அந்த ஊசிதான் உயிரைக் காக்கும். அது வரும் வரை ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நடத்திக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம்.

12ஆம் கேள்விக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அடினோலோல் வகை எடுப்பவருக்கு அட்ரினலின் உட்காரும் கதிரைகளில் பல ஏற்கனவே அடைபட்டிருக்கும், ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அப்போது டாக்டர் வேறு மருந்து சேர்க்க வேண்டிவரும். கொட்டு வாங்கியவரின் கிளினிக் கொப்பியைக் கூடவே அனுப்புங்கள் என்று நான் தோட்டம் தோட்டமாகச் சொல்லித் திரிந்தது இதற்காகத்தான்.

17. கண்டியில ஒருத்தருக்கு வேற ஆளோட நெஞ்சை வச்சாங்களே. நரம்பை வெட்டித்தானே எடுப்பாங்க? அப்ப அவருக்குப் பயம் வந்தா படபடக்காதா?

இலங்கையின் முதல் இதய மாற்றுச் சிகிச்சை 2017-இல் கண்டி போதனா வைத்தியசாலையில் நடந்தது. உலகில் முதலாவது 1967 டிசம்பர் 3, கேப்டவுனில் கிறிஸ்டியான் பார்னார்ட் செய்தது. நீங்கள் நினைப்பது சரி. எடுக்கும்போது வேகஸ், பரிவு எல்லா நரம்பும் அறுந்துபோகும், இரத்தக் குழாய்களைத் தைப்பது போல அவற்றைத் தைக்க முடியாது. ஆனாலும் 1ஆம் பதிலில் சொன்னபடி இதயம் தானாகத் துடிக்கும். பிரேக் இல்லாததால் தன் சொந்த வேகத்தில், ஓய்விலேயே 90 முதல் 110 வரை துடிக்கும். அற்றோபின் ஊசி போட்டாலும் நாடி கூடாது. தளர்த்துவதற்குப் பிரேக் இருந்தால்தானே? அந்த இதயத்துக்கு அடைப்பு வந்தால் நோவும் பெரும்பாலும் தெரியாது, 13இல் வந்த சீனிக்காரர் மாதிரி.

பயந்தால்? நரம்பு வழி செய்தி போகாது, ஆனால் இரத்த வழி திறந்திருக்கிறது. 7ஆம் பதிலில் பார்த்த அட்ரினலின் சுரந்து, இரத்தத்தில் கலந்து, போய்ச் சேரச் சில நிமிடமாகும். ஆக அவருக்கும் சிறுத்தையைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். சிறுத்தை அந்தப் பக்கத்து மலைக்குப் போன பிறகு. வருடங்கள் போகப் போகச் சிலருக்கு நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் புது இதயத்துக்குள் வளர்ந்து வரும், அப்போது படபடப்பும் நேரத்துக்கு வரத் தொடங்கும்.